கொளஞ்சி போட்ட வெடி

ஆறரை மணிக்கு வரேன் என்று சொன்ன ஆபீசர், ஒன்பதே காலுக்குத்தான் ஜீப்பை விட்டு இறங்கினார்.

“சாரிம்மா, ஜெயங்கொண்டத்துல டிபன் சாப்பிட்டதுல லேட்டாயிடுச்சு. எங்க உங்க பறவைங்க?”

நர்மதா ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள். விடியற்காலையில் நொச்சியேரியில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பறவை. இப்போது வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அங்கே நாலு, இங்கே ஆறு என்று நாமக்கோழிகள் நீந்திக்கொண்டிருந்தன.

“எல்லாம் இரை தேடப் போயிடுச்சுங்க சார். சாயங்காலம் திரும்பிடும்.”

“சாயங்காலம் வரைக்கும் நான் இங்க என்னம்மா பண்றது? பத்தரைக்குக் கெளம்பணும். அதுக்குள்ள மூவாயிரம் தேறுனா, பஸ் ஸ்டாண்டை வேற இடத்துல கட்டச் சொல்லி எழுதறேன். இல்லேன்னா வர்ற வாரமே ஏரியில மண்ணடிக்க ஆரம்பிச்சுடுவாங்க.”

நர்மதாவுக்கு உடையார்பாளையம் தபால் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைனாகுலரும் கையுமாக இந்த ஏரிக்கரைக்கு வந்துவிடுவாள். “உன்னை இந்த ஏரிக்கே கட்டிக் குடுத்திருக்கலாம்” என்று அவள் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார். மனுமேல் மனு போட்டு, கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கணக்கெடுப்பை வாங்கியிருந்தாள்.

எண்ணினார்கள். கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து எண்ணியும் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் தேறவில்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தோழி தென்றல் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அப்போதுதான் வடக்கே, டமார்!

அது அடங்குவதற்குள் இன்னொன்று. டமார்!

“புத்தேரி கொளஞ்சிதான்டி!” என்று பல்லைக் கடித்தாள் நர்மதா.

கொளஞ்சி, பக்கத்து ஊர் ஏரியான புத்தேரியை மீன் குத்தகைக்கு எடுத்திருப்பவன். மீனைத் தின்கிறது என்று பறவைகளை வெடி போட்டு விரட்டுகிற ஆள். போன வருஷம் நர்மதா அவன்மேல் புகார் எழுதிப் போட, விசாரணை விசாரணை என்று ஒரு மாதம் அலைந்தான் மனுஷன். அதற்குப் பிறகு அவள் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

“இன்னைக்குக் கணக்கெடுப்புன்னு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும். இருக்குற நாலு பறவையும் பயந்து ஓடட்டும்னு வேணும்னே பண்றான். பழி வாங்குறான்டி, படுபாவி! நல்லா இருப்பானா?”

“ஏய், திட்டறத நிறுத்திட்டு மேல பாரு!” என்று கத்தினாள் தென்றல்.

வடக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் கிளுவை வாத்துகள். அதன் பின்னால் ஊசிவால் வாத்து. அப்புறம் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன். கல்யாண வீட்டுப் பந்திக்கு முந்துகிற கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து, தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, சளசளவென்று ஏரியில் இறங்கின.

“எழுதுடி! கிளுவை எண்ணூறு! ஊசிவால் நானூத்தம்பது! நாரை... ஐயோ, இன்னும் வருதுடி!”

ஆபீசர் வாயைப் பிளந்தார். “எங்கேருந்தும்மா வருது இவ்வளவும்?”

“இதுங்களுக்கு வூடே இந்த ஏரிதான் சார். ராத்திரி தங்குறது இங்க. காலையில அக்கம்பக்கம் மேயப் போகும், அவ்வளவுதான்.”

ஆபீசர் அவள் பைனாகுலரைப் பிடுங்கித் தானே எண்ண ஆரம்பித்தார். தப்பு வந்தபோது, முதலிலிருந்து எண்ணினார். மணி பத்து இருபதுக்குக் கணக்கு நின்றது. மூவாயிரத்து நானூற்று எண்பது!

“பஸ் ஸ்டாண்டுக்கு வேற இடம் பார்க்கச் சொல்லி இன்னைக்கே எழுதிடறேன்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறையும் வரைகூட நர்மதாவால் பொறுக்க முடியவில்லை. தென்றலைக் கட்டிக்கொண்டு கரையிலேயே குதித்தாள். ஜெயிச்சாச்சு! ஏரி பொழைச்சாச்சு! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த நேரம் பார்த்து, கொளஞ்சியின் மனைவி உண்ணாமலை தலையில் புல்லுக்கட்டோடு கரைமேல் வந்தாள். விடுவாளா நர்மதா?

“என்னக்கா, உங்க வூட்டுக்காரரு எங்களைக் கவுக்கப் போட்ட வெடி எங்களுக்கே நல்லதாப் போச்சு பாத்தீங்களா? சந்தோஷத்துல இன்னைக்கு மீன் கொழம்பு வெக்கப் போறோம். அவரு ஏரியிலேயே ரெண்டு கிலோ கெண்டை புடிச்சுத் தரச் சொல்லுங்க!”

உண்ணாமலை புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கெண்டையா? பொங்கலுக்கு முந்தியே ஏரிய ஒட்ட அரிச்சு மீனையெல்லாம் வித்தாச்சேம்மா, இப்ப அங்க சேறும் நத்தையுந்தான் கெடக்கு. ஆபீசர் ஜீப்பு லேட்டாப் போறதப் பாத்துட்டு, ‘ஐயையோ, அந்தப் பொண்ணோட பறவையெல்லாம் நம்ம சேத்துல மேயுதே, அது தவிச்சுப் போயிடுமே’ன்னு, மிச்சமிருந்த வெடிய அள்ளிக்கிட்டு சட்டகூடப் போடாம ஓடுனாரு எங்க வூட்டுக்காரரு!”