சின்னத் திருத்தம்

இது முழுக்க முழுக்க உண்மை. ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிறவரின் பல்செட் காபியில் விழட்டும்.

உலகத்து மென்பொருள்காரர்கள் எழுதுவதையெல்லாம், யார் எதை எப்போது மாற்றினார் என்ற விவரத்தோடு பத்திரப்படுத்தும் பொது மென்பொருள் ஒன்று உண்டு. அதில் பிழை கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். என்ன திருத்தினோம் என்ற விளக்கம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். படித்துப் பார்த்து ஏற்பவரை எல்லோரும் பெரியம்மா என்பார்கள். முகத்தைப் பார்த்தவர் இல்லை, பயப்படாதவரும் இல்லை.

அந்த மென்பொருளில், அதை வைத்திருப்பவர்களின் கணினிக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைய ஒரு திருட்டு வாசல் வைக்கக் கிளம்பினான் சுருட்டை. யோசனை அவன் மனைவியின் அண்ணனுடையது. வாசல் திறக்கும்வரை நகரமாட்டேன் என்று மெத்தையோடு வந்து கூடத்தில் படுத்துவிட்டார் மனிதர்.

"‘சின்னத் திருத்தம்’னு எழுதி அனுப்பு மாப்ளே. எவன் படிக்கப் போறான்?"

பெரியம்மா படித்தார். "தம்பி, எழுதினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணா இருக்கே. என்ன பிழை? யாருக்கு வந்துச்சு?" என்று திருப்பி அனுப்பினார்.

சுருட்டை மண்டையை உடைத்துக்கொண்டு நிஜமான பிழை ஒன்றைத் தேடிப் பிடித்தான். நீளமான கோப்புப் பெயர்களின் வாலை மென்பொருள் விழுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, அதன் முதுகுக்குப் பின்னால் வாசலை ஒளித்து அனுப்பினான்.

"வால் திருத்தம் அருமை. கூட வந்திருக்கறவர் யாரு? ரெண்டு வேலையையும் தனித்தனியா அனுப்பு."

வால் திருத்தம் உடனே ஏறியது. எங்கெங்கிருந்தோ நன்றிகள் குவிந்தன.

"மச்சான், என்னைப் போய் நல்லவன்னு சொல்றாங்க!" சுருட்டை நன்றிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான்.

"அசிங்கம். வெளியே சொல்லிடாதே."

இப்போது வாசல் தனியாக, ஒட்டுத்துணி இல்லாமல் நின்றது. எதை எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவாரே! வெறுத்துப்போன சுருட்டை, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினான்: ‘இது திருட்டு வாசல். நானும் மச்சானும் வந்து போவதற்காக.’

"அடப்பாவி, கம்பி எண்ண வெச்சிட்டியே!" மச்சான் மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அதற்குள் பதில் வந்துவிட்டது.

"பொய்யே இல்லாத விளக்கம். பெருமையா இருக்கு தம்பி. ஆனா ஏத்துக்க முடியாது. ஏற்கெனவே இருக்கறதை எதுக்கு மறுபடி வைக்கணும்?"

இருவரும் பதறிப்போய்ப் பார்த்தார்கள். அவன் வாசல் வைத்த இடத்துக்குப் பக்கத்து வரியிலேயே, இரண்டு லாரி ஒன்றாக நுழையும் அகலத்தில் இன்னொரு வாசல், வருஷக்கணக்காகத் திறந்து கிடந்தது.

விளக்கம்: ‘சின்னத் திருத்தம்.’ செய்தவர்: பெரியம்மா.