இன்னொரு துவக்கு

"ஒரு துவக்கு இருக்குத்தானே? பிறகென்னத்துக்கு இன்னொன்று?" என்று கேட்டாள் துஷாந்தினி.

"இதின்ர ரவை முயலுக்குத்தான் காணும். பெரிய மானுக்குப் பெரிய ரவை வேணும்," என்றார் கணவர் கிருபாகரன்.

"வெள்ளிக்கிழமையில கதைக்கிற கதையே இது?"

"இண்டைக்குச் சுடமாட்டன். ஆனால் சின்னத் துவக்கோட அந்தக் காட்டுக்குள்ள விடமாட்டாங்களப்பா."

எறும்பைக்கூட நசுக்காமல் ஊதித் தள்ளிவிடுகிற மனுஷனுக்கு வெள்ளவத்தை மாடிவீட்டில் இன்றைக்கு எந்தக் காடோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். கணினி விளையாட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத கனடா மகளின் குரல் அதற்குள்ளிருந்து கேட்டது.

"அப்பா, துவக்கு வாங்கிட்டீங்களே? நான் அடுத்த காட்டுக்கு வந்திட்டன். தனிய நிக்கிறன்."

துஷாந்தினி கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

"ஒன்று காணாதப்பா. எனக்கும் ஒன்று வாங்குங்கோ."