பேக்கரி வாசல் மோனா

யூக்ளிதெஸின் கண்ணுக்குள் வைத்த ஜெல் லென்ஸ், தானாகவே உப்பிச் சுருங்கி, தூரத்தையும் பக்கத்தையும் காட்ட வேண்டும். அது பழகும்வரை தூரம் மட்டும்தான் தெளிவாகத் தெரியுமென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால், பல வருடமாகப் பார்வையை மறைத்த புரை நீங்கியும், பக்கத்தில் நிற்கும் மனைவி நூபியாவின் முகம் அவருக்கு இன்னும் புகைமூட்டம்தான்.

அதுகூடப் போகட்டும். பால்கனியில் உட்கார்ந்து நண்பர் கில்தார்தோவிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எதிர் பேக்கரிக்குத் தினமும் காலையில ஒரு மோனா வர்றாய்யா! என்னா நடை! அவளைப் பாக்கத்தான் கடவுள் எனக்குக் கண்ணைத் திருப்பிக் குடுத்திருக்காரு."

மோனாவா! போகோட்டாவில் தங்க முடிக்காரியைத்தான் அப்படிச் சொல்வார்கள். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்ததுகூட நூபியாவுக்குத் தெரியவில்லை.

"கட்டினவ மூஞ்சி தெரியாதாம், கண்டவ முடி மட்டும் தெரியுதாம்!"

மறுநாள் காலை, வழக்கம்போல் ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பேக்கரி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, வருகிற போகிற பெண்களின் தலையை எல்லாம் முறைத்தாள். அத்தனையும் கருமுடி.

மேலே பால்கனியிலிருந்து கணவரின் குரல் கேட்டது.

"கில்தார்தோ, ஓடி வா! மோனா வந்துட்டாய்யா! இன்னைக்கு இடுப்புல கை வேற!"

நூபியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை; பேக்கரியின் கண்ணாடிதான் இருந்தது. அதில், அவர் பார்வை மறைந்திருந்த வருடங்களில் நரைத்துப்போன அவள் முடி, போகோட்டாவின் காலை வெயிலில் தங்கமாக மின்னியது.