எரர் இல்லாத புரோகிராம்

"ஒரே ஒரு எரரை வெச்சிக்கிட்டு காலையிலேர்ந்து என்னம்மா பண்ற?"

தட்டாஞ்சாவடி கம்பெனியில் மேனேஜர் கமலக்கண்ணன் கத்தினார்.

"சென்சார் அனுப்புற டேட்டா ஒரு டைப், நம்ம புரோகிராம் கேக்குறது வேற டைப் சார். புரோகிராமை செக் பண்ற கம்பைலர் ஏத்துக்கல" என்றாள் நூரீன்.

"ரெண்டும் ஒரே டைப்புன்னு எழுதி அது வாயை அடை. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"எரர்தான் சார் மறையும். தப்பு அப்படியே இருக்கும்."

அவரே கீபோர்டைப் பிடுங்கி அப்படியே தட்டினார். "பாத்தியா? இப்ப எங்க எரர்?"

"அப்ப ஓட்டிப் பாத்துடலாம், வாங்க."

பக்கத்து ஷெட்டில், அந்தப் புரோகிராம் ஏற்றிய தகடு வெட்டும் பிரஸ்ஸை நூரீன் ஓடவிட்டாள். அடியில் கை இருப்பதாக சென்சார் சொன்னால் நிற்கவேண்டிய மெஷின் அது.

"நீங்க எழுதினதுதானே? கைய வைங்க சார்."

கமலக்கண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.