உதட்டுப் பேச்சு

இருபது வருடங்களுக்கு முன்னால் தீயில் செத்துப்போன ஹன்னா, மூன்றாவது வரிசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதே சுருட்டை முடி, அதே கோணல் பல்.

மேடையில் இருந்த ஜேபஸ் ரோத்வெல் அவளைப் பார்த்துவிட்டார். பருத்தி ஆலை முதலாளி, அப்புறம் பாராளுமன்ற உறுப்பினர், போன வாரத்திலிருந்து பிரபு. அவருக்குத்தான் ஊர் மண்டபத்தில் பாராட்டு விழா.

"நம்ம ஊர்ப் பிள்ளை, நாட்டுக்கே பிரபு ஆயிட்டாரு!" என்று மேயர் முழங்கினார்.

"பேச்சைச் சுருக்குங்கய்யா! கறிச்சட்டி எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. ஜேபஸின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்ஸியும் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தாள்.

மேயர் உட்கார்ந்ததும் பித்தளை வாத்தியக்காரர்கள் காது கிழிய ஆரம்பித்தார்கள். எங்கள் லங்காஷயர் ஜனங்களுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? தறி இரைச்சலில் பிழைக்கிறவர்கள், குரலை விட்டுவிட்டு உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். ஜேபஸுக்கும் அது அத்துப்படி. அவருடைய அப்பா அவரை முதலில் தறியில் நிறுத்தித்தான் தொழில் பழக்கினார்.

ஹன்னா மேடையைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

'கதவு பூட்டியிருக்கு.'

அன்றும் இதையேதான் சொன்னாள். ஆலை எரிந்த அன்று, மேல்மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு. கீழே முற்றத்தில் தனியாக நின்ற ஜேபஸ் அதைப் படித்துவிட்டார். சாவியும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. வேலை முடியும் முன்னே ஆட்கள் நழுவுகிறார்கள் என்று அவரே பூட்டியது. மேலே ஏறப் பயம். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

பழி, வாசல் காவல்காரன் ஏமோஸ் தலையில் விழுந்தது. பாவி மனுஷன், சிறையிலேயே போய்ச் சேர்ந்தான்.

"ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் மனைவி கான்ஸ்டன்ஸ். லண்டன்காரி, தறிப் பக்கமே போகாதவள்.

"அதோ, அவ பேசறாளே... உனக்குக் கேக்கலையா?"

"யாருங்க பேசறா? வாத்தியச் சத்தம்தான் மண்டையைப் பிளக்குது. கொஞ்சம் தண்ணி குடிங்க."

தம்ளரை வாங்கினார். பாதி தண்ணீர் சட்டையில் கொட்டியது. கண்ணை மூடித் திறந்தார். ஹன்னா இன்னும் கிட்டே வந்திருந்தாள்.

'சாவி உங்ககிட்டதானே இருக்கு?'

ஜேபஸ் தலையைக் குனிந்துகொண்டார். கடவுளே, இன்றைக்கு மட்டும் என்னை விட்டுவிடச் சொல் அவளை. மனசு கேட்டால்தானே? மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.

'இன்னும் எவ்வளவு நேரம்? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.'

எல்லாரும்! ஹன்னாவோடு அந்தக் கதவுக்குப் பின்னால் வெந்துபோன அத்தனை பேரும்!

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஜேபஸ் எழுந்தார்.

"ஆமா! சாவி எங்கிட்டதான் இருந்துச்சு!"

வாத்தியம் பாதியில் நின்றது.

"நான்தான் பூட்டினேன். ஏமோஸ் பூட்டலை, அவன்மேல நான்தான் பழியைப் போட்டேன். ஹன்னா, நீ சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சது. புரிஞ்சும் நான் மேல ஏறி வரலை. பயந்துட்டேன் தாயே! இருபது வருஷமா நான் தூங்கலை. இனியாவது என்னை விட்டுடு!"

கான்ஸ்டன்ஸ் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். பயனில்லை. முன்வரிசை ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். மேயர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எங்கேயோ ஒரு கிழவி, "ஐயோ, என் ஏமோஸு!" என்று வாய்விட்டு அழுதாள்.

சுருட்டை முடிக்காரி மட்டும் நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். அவள் பெயர் ரூத், ஹன்னாவின் மகள். ஹன்னா தீயில் போனபோது கைக்குழந்தை. பக்கத்து ஊரில் அத்தை வீட்டில் வளர்ந்து, அங்கேயே தறியில் நின்று, போன வாரம்தான் இந்த ஊருக்கு வந்தவள். விழாவில் பரிமாறக் கூப்பிட்டிருந்தார்கள்.

பிரபுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெட்ஸியைப் பார்த்து, முதல் தடவையாகக் குரலை எடுத்தாள் ரூத். அந்தக் குரல் உடைந்திருந்தது.

"பெட்ஸியக்கா... நான் சமையல்கட்டுச் சாவியைத்தானே உங்ககிட்ட கேட்டேன்?"