படிகம் நிமிர்ந்து பார்த்தது

ஆய்வுக்கூட மேஜையில் ஒரு படிகம் உட்கார்ந்திருந்தது. சிவப்பு ஒளியை ஊதாவாக்கி அனுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் அது செய்தால்தானே!

சிவப்புக் கதிர்கள் ஒவ்வொன்றாக வந்து, "ஐயா, எங்களை ஊதாவாக்கி விடுங்க" என்று கேட்டன. படிகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வந்த நிறத்திலேயே வெளியேறிய கதிர்கள், மேஜையைச் சுற்றி வந்து மறுபடி கேட்டன. அப்போதும் அதே கதைதான்.

எதிரே நின்று, வரும் கதிர்களைத் திருப்பிவிடும் பல அடுக்குக் கண்ணாடிக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணாத்தானே கிளம்புறீங்க? அப்புறம் ஒருத்தன் தலைதெறிக்க ஓடுறான், இன்னொருத்தன் ஆடி அசைஞ்சு வர்றான். இப்படித் தனித்தனியாப் போய் நின்னா அவர் எப்படி மதிப்பார்?"

"வேகமா வர்றது ஒரு தப்பா?" என்று முறைத்தது முன்னால் ஓடிவந்த முதல் கதிர்.

"தப்புதான். நீ என் கடைசி அடுக்கு வரைக்கும் போய்ட்டுத் திரும்பு. பின்னால வர்றவனை நான் முதல் அடுக்கிலேயே திருப்பிவிடுறேன்."

முதல் கதிர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனது.

இந்த முறை எல்லாக் கதிர்களும் ஒரே கணத்தில் படிகத்தின்மேல் விழுந்தன. படிகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநொடி மேஜை முழுக்க ஊதா வெளிச்சம்.

"அடடா! இவ்வளவு நேரம் எங்கேப்பா இருந்தீங்க?" என்றது படிகம், மிகுந்த அக்கறையோடு. "ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா எப்பவோ முடிச்சுக் கொடுத்திருப்பேனே!"

அதைக் கேட்டும் கண்ணாடி விரிசல் விடாமல் நின்றதே பெரிய விஷயம்.