குலுங்காத வேன்

“பழைய சஸ்பென்ஷனையே திருப்பிப் போட்டுடு, குமரவேலு.”

மெக்கானிக் குமரவேல், சேதுவை ஏற இறங்கப் பார்த்தான். அவருடைய நாற்பது வருடத்து வேனின் பின்பக்க சஸ்பென்ஷனைப் போன வாரம்தான் அடியோடு மாற்றிக் கொடுத்திருந்தான். ஈஜோக் ஊரில் இந்த வேலைக்கு அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

“ஏண்ணே, ஹைவேல இன்னும் ஆட்டுதா?”

“ஆட்டல.”

“சத்தம் கித்தம் வருதா?”

“சத்தமே இல்ல.”

“பெறகென்னலா? பின்னால ரொம்பக் குலுங்குது, அண்ணிக்கு ஆஸ்பத்திரி போய் வர முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க!”

“நான்தான் சொன்னேன்.”

அவர் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னார்.

குமரவேலுக்குச் சுருக்கென்றது. செய்த வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

“இருங்க, அண்ணியையே கேக்கறேன்.”

வேனின் பின்கதவைத் திறந்தான். சேதுவின் மனைவி திலகம் உள்ளே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, இப்ப வண்டி சொகுசா போகுதுல்ல?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேது கதவை மெதுவாகச் சாத்தினார்.

“பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. ஹைவே பாலத்துல வண்டி தூக்கிப் போடுறப்ப மட்டும், ‘பின்னால ஆளு இருக்கிறது தெரியலையா?’ன்னு கத்துவா.”

கையிலிருந்த சாவியை அவனிடம் நீட்டினார்.

“இப்ப பின்னால ஆளு இருக்கிற மாதிரியே இல்ல.”